மூன்று பேர் ஒப்புக்கொண்ட ஒரு முள்

அந்தக் கெளுத்தி மீனின் மூன்றாவது முள்ளை உடைக்காமல் விட்டது யார்?

நாலரை வருஷமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. யாருமே ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் ஒருவர்மேல் சந்தேகப்பட்டு, கோபித்துக்கொண்டு, பிறகு மறந்தும் போயிருப்பேன். மூன்று பேர் தனித்தனியாக வந்து "நான்தான்" என்றார்கள். மீன் ஒன்று, முள் ஒன்று.

இப்போது அந்தக் கேள்விக்கு அவசரம் வந்துவிட்டது. எங்கள் மகளுக்கு ஏழு வயது. காலாண்டுப் பரீட்சை லீவில் தன்னையும் படகில் கூட்டிப்போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவள் அப்பா, "உங்கம்மா சரின்னா சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த மூன்று பேரை நம்பி அவளைக் கடலுக்கு அனுப்பலாமா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

மலையடியில் இருக்கும் எங்கள் ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் பிடித்துப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும். என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் இரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். அங்கே தன் வயதுள்ள ஒரு படகுக்காரரோடு சிநேகமாகித் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகும் விடவில்லை. சைக்கிள் கடை பாயையும், ஹைஸ்கூல் டிரில் மாஸ்டரையும் சேர்த்துக்கொண்டார். மாதம் ஒரு முறை சனிக்கிழமை கிளம்பிப் போய், படகுக்காரர் வீட்டில் படுத்து, விடியும்போது கடலில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் திரும்புவார்கள்.

ஒவ்வொருவரும் தன் தொழிலிலிருந்து ஏதாவது ஒன்றைப் படகுக்குக் கொண்டுபோனார்கள். தூண்டில் நரம்பு விரலை அறுக்காமல் இருக்க, பாய் பழைய டியூபை வெட்டி எல்லோருக்கும் விரலுறை செய்துகொடுத்தார். மாஸ்டரிடம் விசில் இருந்தது. பனிமூட்டத்தில் மற்றப் படகுகளுக்குக் கேட்கும்படி ஊதுவார். என் கணவர் எந்த ஆழத்தில், எந்த இரைக்கு, என்ன கடித்தது என்று ஒரு பழைய நோட்டில் எழுதிவைப்பார். மாஸ்டருக்கு இன்றுவரை படகில் வாந்தி நிற்கவில்லை. "பசங்கள வெயில்ல கிரவுண்ட சுத்த வுடுறாரே, அந்தப் பாவம்தான் இவரு வயித்த சுத்துது," என்பார் பாய். "வாந்தி எடுத்த எடத்துலதான்யா மீன் ஜாஸ்தி. என் புண்ணியத்துல சாப்புடுறீங்க," என்பார் மாஸ்டர்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சில விஷயங்களில் அவர்கள் சிரிக்க மாட்டார்கள். அதில் ஒன்று கெளுத்தி.

கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முட்கள். விஷ முட்கள். மீன் செத்த பிறகும் விஷம் இருக்கும். அதனால் தூண்டிலிலிருந்து கழற்றியவுடன், பாய் கடையிலிருந்து வந்த கட்டிங் பிளேயரால் மூன்றையும் அடியோடு உடைத்துக் கடலில் போட்டுவிடுவார்கள். உடைத்தவர் "மூணாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் "ஆச்சு" என்று பதில் சொன்ன பிறகுதான் மீன் கோணிப்பைக்குள் போகும். வீட்டுக்கு வந்த பிறகும் கோணிப்பை சைக்கிள் ஹேண்டில்பாரில்தான் தொங்கும். மூன்று பேரும் கூடிப் பங்கு போடும்வரை அதைக் கீழே வைக்கக்கூடாது. கல்யாணமான புதிதிலேயே என் கணவர் இதை என்னிடம் சொல்லியிருந்தார்.

இன்னொன்று பிளாஸ்க். ஒவ்வொரு முறையும் நான் அதில் வெந்நீர் நிரப்பித் தருவேன். "டீத்தூள் போட்டுடாத, வெறும் வெந்நீதான்," என்பார். தொண்டைக்கு நல்லது என்று குடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கடலில் இறங்கும் முன் படகுக்காரர் வீட்டில் அதைக் கொதிக்கக் கொதிக்க மறுபடி நிரப்பிக்கொள்வார்களாம். வீடு வந்து பங்கு போட்ட பிறகுதான் அதைக் கொட்டுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு என் கணவர் வந்தார். பஸ்ஸில் கண்டக்டர், "ஏன் சார், இது பஸ்ஸா மீன் மார்க்கெட்டா?" என்று சண்டை போட்டதையும், இறங்கும்போது அவரே ஒரு சங்கரா மீனைக் கேட்டு வாங்கிப் பேப்பரில் சுற்றிக்கொண்டதையும் சொல்லிச் சிரித்தார். சைக்கிளைப் பக்கத்துச் சந்தில் நிறுத்திவிட்டு, பங்கு கட்ட வாழையிலை வாங்கிவர நடந்தே கடைத்தெருவுக்குப் போனார்.

முன் போர்ஷனில் வீட்டுக்காரர்கள். சுத்த சைவம். பின்பக்கம் நாங்கள் மீன் சமைப்பதைப் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொண்டவர்கள். அன்று ஐந்து மணிக்கு அவர்கள் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வீட்டுக்கார அம்மா காலையிலேயே என்னிடம், "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்கம்மா," என்று சொல்லியிருந்தார்கள். சந்திலோ, சைக்கிளில் தொங்கிய கோணியிலிருந்து மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நிற்கிற யாருக்கும் தெரியும்.

நான் முடிச்சை அவிழ்த்துக் கோணியை இறக்கி, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். ஒரு வாளித் தண்ணீரைச் சந்தில் ஊற்றிவிட்டு வந்துவிடலாம், ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தேன்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது குழந்தை அலறினாள்.

இரண்டரை வயது. கோணிக்குள் கையை விட்டிருக்கிறாள். வலது உள்ளங்கை ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த அலறல் நான் அதுவரை கேட்காதது. மூச்சுப் பிடித்துக்கொண்டு முகம் நீலமாகி, பிறகு மறுபடி அலறினாள். காயத்துக்குக் குளிர்ச்சி நல்லது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். கோணியைக் கவிழ்த்து, அதிலிருந்த ஐஸை எடுத்து அழுத்தினேன். அவள் துடித்தாள். நான் இன்னும் அழுத்தினேன்.

அப்போதுதான் பாய் தன் பங்குக்காக வந்தார். ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஐஸா வெச்ச? எடு, எடு தங்கச்சி! குளிர் ஆவவே ஆவாது அதுக்கு. பிளாஸ்க் எங்க?"

"டாக்டர்கிட்ட போலாம் பாய்."

"போலாம். போற வழியெல்லாம் கை வெந்நீலதான் இருக்கணும். சூடு பட்டாத்தான் அந்த விஷம் அடங்கும். பிளாஸ்க் எதுக்குன்னு நெனச்ச?"

அலுமினியக் குண்டானில் பிளாஸ்க்கைக் கவிழ்த்தார். ஆவி பறக்கவில்லை, ஆனாலும் நல்ல சூடு. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டுத் தன் கையை முக்கிப் பார்த்தார். "முள்ளு குத்துன கைக்குச் சூடு தெரியாது. அதனால இன்னொருத்தன் கை கூடவே தண்ணியில இருக்கணும். அவனுக்குப் பொறுக்கலன்னா ரெண்டு பேரும் எடுத்துடணும். எனக்குக் குத்துனப்ப பாப்பாவோட அப்பாதான் கைய வெச்சாரு. கொழந்தைக்கு நான் வெக்கிறேன், குடு."

நான் அவர் கையைப் பார்த்தேன். இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் கைக்குப் பொறுக்கும் சூடு என் குழந்தைக்குப் பொறுக்குமா? அவள் அலறிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு நொடியும் வலி, நானோ அவர் தோலைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்றுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

"உங்க கை காய்ச்ச கை, பாய். என் கைய வெக்கிறேன்."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஆமா. அதுவும் சரிதான். வெய்யி," என்றார்.

கையை விட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் விட்டோம். பிறகு அவள் கையைப் பிடித்து என் கையோடு சேர்த்து இறக்கினேன். அவள் என் தோளைக் கடித்தாள். என் விரல்கள் சிவந்தன. நான் அவளை வேக வைக்கிறேனா, காப்பாற்றுகிறேனா என்று தெரியவில்லை.

தண்ணீர் சீக்கிரம் ஆறியது. சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா பட்டுப்புடவையோடு பின்பக்கம் வந்தார்கள். மீன் சிதறிக் கிடந்த இடத்தில் கால் வைக்கத் தயங்கினார்கள். "இன்னும் வெந்நீ வேணும்மா," என்றார் பாய். அந்த அம்மா திரும்பிப் போய், மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி போடக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அப்படியே பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு, மீன்களைத் தாண்டி வந்தார்கள். "அவங்களுக்கு அப்புறம் போட்டுக்கலாம்," என்றார்கள்.

இதற்குள் என் கணவரும் மாஸ்டரும் வந்துவிட்டார்கள். மாஸ்டர் குதிரை வண்டி பிடிக்க ஓடினார். என் கணவர் குண்டானைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் பாய் வெந்நீர்ப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் கையைத் தொடாத பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "பொறுக்குதா? பொறுக்குதா தங்கச்சி?" என்று மறுபடி மறுபடி கேட்டார். தேரடி தாண்டும்போது அலறல் அழுகையாக மாறியது. டாக்டர் வீட்டு வாசலில் விக்கலோடு என் மேல் சாய்ந்துவிட்டாள்.

டாக்டர் கையைப் பார்த்து, "என்னம்மா இது, கொழந்த கைய இப்படிச் செவக்க வெச்சிருக்கீங்க?" என்று என்னைக் கடிந்துகொண்டார். உள்ளே இருந்த முள் துணுக்கை எடுத்தார், ஊசி போட்டார். வீக்கம் அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லைபோல; இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

அன்று இரவு என் கணவர் சொன்னார். "அந்த மீன கழட்டுனது நான். மழ வர மாதிரி இருந்துச்சு, அவசரத்துல மூணாச்சுன்னு சொல்லிட்டேன். ரெண்டுதான் ஒடச்சிருக்கேன்."

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் மாஸ்டர் வந்தார். வாசலுக்கு வெளியே விறைப்பாக நின்றார். "சிஸ்டர், தப்பு என்னுது. அவரு சொல்ல மாட்டாரு. வாந்தி வந்துச்சு, பாதியில பிளேயர வெச்சிட்டேன்," என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லும் முன் போய்விட்டார்.

நாலு நாள் கழித்துப் பாய். கடைக்குப் போன என்னிடம், டயரைத் தண்ணீரில் அமுக்கிப் பங்ச்சர் பார்த்தபடியே, தலை நிமிராமல் சொன்னார். "பிளேயர் என் கையிலதான் இருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் வேற மாதிரி சொல்லுவாங்க. நம்பாத."

மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டார்களா, அல்லது ஒவ்வொருவரும் தானாகவே வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர்கள் முறையை மாற்றிவிட்டார்கள். இப்போது முட்களைக் கடலில் போடுவதில்லை. ஒரு டப்பா மூடியில் போட்டு, கரைக்கு வந்ததும் மீனையும் முள்ளையும் சேர்த்து எண்ணிப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறுகிறார்கள்.

கோணி தரைக்கு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை. "பாப்பா இழுத்திருப்பா," என்றார் பாய் வண்டியிலேயே. என் கணவர் கோணியை எப்போதும் இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் தொங்கவிடுவார். இரண்டரை வயதுக் குழந்தையால் அதை அவிழ்க்க முடியாது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்று ஆண்கள் என் முன்னால் தலை குனிந்து தப்பை ஏற்றுக்கொண்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் பாய் ஒரு ஸ்கூட்டர் டியூபைச் சின்னதாக வெட்டி ஒட்டி, காற்றடித்து, என் மகளின் இடுப்பு அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாஸ்டர் அவளுக்கென்று தனி விசில் வாங்கியிருக்கிறார். அவளோ சமையலறையில் வெண்டைக்காய்க் காம்பை உடைத்துவிட்டு, "மூணாச்சு!" என்று கத்துகிறாள். நான் "ஆச்சு" என்று சொல்லும்வரை விடுவதில்லை. அவள் உள்ளங்கை ஓரத்தில் அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது.

ஒரு நேரம், அவசரத்தில் முள்ளை விட்டவர்கள் குழந்தையை விட்டுவிட மாட்டார்களா என்று பயம் வருகிறது. இன்னொரு நேரம், அவர்கள் முள்ளை விட்டார்கள், நான் கோணியைக் கீழே வைத்தேன்; வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றுகிறது. தன் தப்பைச் சொல்லத் தெரிந்தவர்கள் கையில்தான் குழந்தை பத்திரமாக இருக்கும் என்றால், எங்கள் நாலு பேரில் பத்திரமில்லாத கை என்னுடையதுதான்.

லீவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் மீன் பிடிக்கத் தண்ணீருக்குப் போகிற ஆண்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இருப்பீர்கள். பிள்ளைகளையும் அவர்களோடு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருந்தவர்களும் இருப்பீர்கள். எனக்குச் சொல்லுங்கள். அவளை அனுப்பட்டுமா? அனுப்புவதானாலும் வேண்டாம் என்பதானாலும், அதற்கு முன் அந்த மூன்று பேரையும் உட்காரவைத்து, கோணியை இறக்கியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டுமா? அல்லது நாலரை வருஷத்துக்குப் பிறகு அதைச் சொல்வது என் மனச்சுமையை அவர்கள் தலையில் இறக்குவதாகுமா?