கலியாண வீட்டில் நான் ஒளித்த சோறு

"சமைக்கப் பழக வந்த புள்ளயளுக்கு எண்ட வெக்கக்கேடு என்னத்துக்கு? உப்பு எவ்வளவு, கறுவா எவ்வளவு எண்டு கேட்டுட்டு எழும்பிப் போங்க!" என்று ஏசிப் பார்த்தேன். ஒருத்தியும் எழும்பவில்லை. சரி, கேளுங்கள்.

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்குச் சமைத்தோம், நானும், எனக்கு மூத்த அக்கா போல இருந்த சித்தி ராத்தாவும். அரிசி அளப்பது அவர், சோற்றுக் கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்குவது நான். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒரு சஹன் தட்டுக்கு இத்தனை சுண்டு அரிசி என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்து முகாமில் மூன்று பிள்ளைகளோடு வரிசையில் நின்றவள் நான். எனக்கு முன்னால் நின்றவளோடு சோறு முடிந்தது. பானை சுரண்டுகிற சத்தம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கே சமைத்தாலும் ஒரு சட்டிச் சோற்றை ஒளித்து வைத்தால்தான் எனக்கு மூச்சு வரும். எப்போதும் சோறு மிஞ்சுவதால் யாருக்கும் தெரியவில்லை.

மருதமுனையில் ஒரு கலியாணத்தில் மிஞ்சவில்லை. கடைசிச் சஹனுக்குச் சோறு இல்லை. எல்லாரையும் சாப்பிட வைத்துவிட்டு அதில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் உம்மா. பெண்ணின் உம்மா குசினிக்குள் ஓடிவந்து ராத்தாவைப் பிடித்துக்கொண்டார்.

"அளக்கத் தெரியாட்டி ஏன் வந்தீங்க? எண்ட சம்மந்தி வெறும் வயித்தோட போகப் போறா!"

"அல்லாஹ் அறிய நான் சரியாத்தான் அளந்தன்," என்று ராத்தா அழுதார்.

சட்டி விறகுக்குப் பின்னால், சாக்குக்குக் கீழே. உண்மையைச் சொன்னால் நான் கள்ளி. சொல்லாவிட்டால் ராத்தாவை இனி எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள். நான் சட்டியைத் தூக்கிவந்து, "ஆபத்துக்கு இரிக்கட்டும் எண்டு எடுத்து வெச்சன்," என்றேன்.

"நீங்க இல்லாட்டி எங்கட மானம் போயிரிக்கும்!" பெண்ணின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராத்தா சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "புள்ள, எப்ப எடுத்தாய்?"

நான் குனிந்து அடுப்பை ஊதினேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை.

பயம் எனக்கு வந்ததில் குற்றமில்லை. அதை இன்னொருத்தியின் தலையில் கட்டினேனே, அதுதான் குற்றம். உங்களுக்கும் பயமிருந்தால் கூட வேலை செய்கிறவளிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு சுண்டு கூட்டி அளப்பாள், அவ்வளவுதானே.

மறுநாள் அயல் பெண்கள் வந்து, "உங்கட புத்தி ஆருக்கு வரும் மாமி!" என்றார்கள். மூன்று பேர் புகழும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், இனிப்பாகத்தான் இருந்தது. நாலாமவள், "சித்தி ராத்தாக்கு வயசு போயிட்டு. இனி உங்கள மட்டும் கூப்புடுவம்," என்றாள்.

அப்போதுதான் சொன்னேன்: "அவட அளவு சரி. சோத்தக் களவெடுத்தது நான்."