மட்கார்டில் எழுதிய நம்பர்

போன செவ்வாய்க்கிழமை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்தாள். எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் அச்சடித்துக் கொடுத்தது. ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் கூட்டமாகச் சைக்கிளில் அழைத்துப்போய் ஊரைச் சுற்றிக் காட்டுவார்களாம். கோயில், ஏரி, ரயில்வே பாலம் என்று பட்டியல் இருந்தது. அடியில், ‘உங்கள் குழந்தைக்கு நாங்கள் பொறுப்பு’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்துக்காகப் புள்ளிக்கோடு.

அந்தத் தாள் இன்னும் அரிசி டப்பாவின் மேல்தான் கிடக்கிறது. அவள் எட்டு வயதுக்காரி, மூன்று முறை கேட்டுவிட்டாள். அப்பாவிடம் கேள் என்றேன். அவரோ உன் அம்மா பார்த்துக்குவா என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் பொறுப்பானவள் என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பெயர். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதை இதுவரை என் அப்பாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது நெய்வேலியில். எண்பதுகளின் தொடக்கம், எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நெய்வேலியில் யாரும் ஊரைச் சொல்லியோ சாதியைச் சொல்லியோ அடையாளம் காட்ட மாட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், நம்பரைச் சொல்லித்தான் காட்டுவார்கள். எந்த பிளாக், எந்த குவார்ட்டர்ஸ். அதைக் கேட்டதுமே உங்கள் அப்பாவின் சம்பளம், பதவி, வீட்டில் எத்தனை அறை எல்லாம் கேட்டவருக்குத் தெரிந்துவிடும். வீடுகள் அச்சில் வார்த்தவை போல இருக்கும். அதே கேட், அதே படி, பின்புறம் அதே துணி துவைக்கும் கல், பக்கத்தில் ஒரு முருங்கை. ஒருமுறை அடுத்த தெருவில் யார் வீட்டுக்குள்ளோ நேரே போய்ப் புத்தகப்பையை வீசிவிட்டு, “அம்மா, பசிக்குது” என்றிருக்கிறேன். அந்த வீட்டம்மாள் சிரித்துக்கொண்டே தோசை போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் பிளாக் மார்க்கெட்டில் வேலு அண்ணனின் வாடகை சைக்கிள் கடை இருந்தது. அவர் ஊர் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். கடையில் அவருடைய தங்கை அஞ்சலை அக்காவும் இருப்பார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பை மிதித்துக் காற்றடிப்பார், பஞ்சர் ஒட்டுவார். ரப்பர் சொல்யூஷன் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு முதலில் அவர் முழங்கைதான் ஞாபகம் வரும்; அங்கே எப்போதும் அது காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணி சங்கு ஊதியதும் ‘ரவுண்டு’ கிளம்பும். இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். முன்னால் வேலு அண்ணன், கடைசியில் அஞ்சலை அக்கா. கடைசியில் ஒரு பெண் வருகிறாள் என்பதால்தான் எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். இல்லாவிட்டால் பதின்மூன்று வயதுப் பெண்ணை யார் விடுவார்கள்? மரங்கள் கவிந்த அகலச் சாலைகளில் போய், டவுன்ஷிப் எல்லையைத் தாண்டி, சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் ஓடும் வாய்க்கால்வரை போவோம். அதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தூரத்தில் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் கேட்கும். அந்தத் தண்ணீர் லேசாகச் சுடும். பூமிக்கு அடியில் காய்ச்சல் என்பார் அஞ்சலை அக்கா. நான் அதை நம்பி அறிவியல் டீச்சரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கிளம்பும் முன் வேலு அண்ணன் ஒவ்வொரு சைக்கிளின் பின் மட்கார்டிலும் சாக்பீஸால் அந்தப் பிள்ளையின் பிளாக்கையும் வீட்டு நம்பரையும் எழுதுவார். யாரையும் கேட்க மாட்டார், எல்லாம் மனப்பாடம். திரும்பும்போது ஒவ்வொரு பிளாக்கிலும் பெரிய பிள்ளை ஒன்று சின்னப் பிள்ளைகளைக் கேட்வரை கொண்டுபோய் விடவேண்டும். அதற்கு அஞ்சலை அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார்.

“கேட்டுல உட்டுட்டு ஓடி வந்துடக் கூடாது. வந்துட்டியான்னு வூட்டுக்குள்ளேருந்து ஒரு கொரல் வரணும். அது வர்ற வரிக்கும் நின்னுகினு இருக்கணும். கொரல் வந்தாதான் திரும்பணும்.”

வாரம் தவறாமல் இதைச் சொல்வார். நாங்களும் அவரைப்போலவே இடுப்பில் கைவைத்து, “நின்னுகினு இருக்கணும்” என்று சொல்லிக் காட்டிச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வேடிக்கை. அது அவர்கள் மண்ணின் பேச்சு, வேடிக்கையாகப் பேசுபவர்கள் வந்தேறிய நாங்கள்தான் என்று எங்கள் வீடுகளில் யாராவது சொல்லித் தந்தார்களா? ஒருவரும் இல்லை.

அந்தச் சமயத்தில் அஞ்சலை அக்காவுக்கு ஒரு பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஆயா வேலை காலியாக இருந்தது. அவர் எட்டாவதுவரை படித்தவர். ரவுண்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் மூன்று அப்பாக்கள் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எழுதியது என் அப்பா. அழகான ஆங்கிலம், அதைவிட அழகான கையெழுத்து. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, திங்கட்கிழமை பள்ளியில் கொடுப்பதாக இருந்தார்கள். அதற்கு முதல்நாள் ஞாயிறு. அந்தச் சந்தோஷத்தில் அக்கா ஊரிலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்திருந்தார். ரவுண்டு முடிந்ததும் கடையில் வெட்டுவதாகப் பேச்சு. போகும்போதே கடை முழுக்க அந்த வாசனை.

திரும்பும்போது வசந்தியை விடவேண்டியது என் முறை. ஆறு வயது, குட்டிச் சைக்கிள். மட்கார்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தேன், அந்த வீட்டு கேட்டுக்குக் கொண்டுபோனேன். அவளும் கேட்டைத் தள்ளிக்கொண்டு பழகின காலோடு உள்ளே போய்விட்டாள். நான் நிற்கவில்லை. குரலுக்குக் காத்திருக்கவில்லை. என் மூக்கில் பலாப்பழம் இருந்தது. சுளை தீர்ந்துவிடுமே என்று ஒரே மிதியாக மிதித்துக் கடைக்கு வந்துவிட்டேன்.

வசந்தியின் அப்பாவுக்குப் பிரமோஷன் வந்து, வெள்ளிக்கிழமைதான் அவர்கள் வேறு பிளாக்கில் பெரிய வீட்டுக்கு மாறியிருந்தார்கள். கடையில் யாரிடமும் சொல்லவில்லை. வேலு அண்ணன் பழக்கத்தில் பழைய நம்பரையே எழுதியிருந்தார். குழந்தையும் பழக்கத்தில் பழைய வீட்டுக்குள் போயிருக்கிறது. பூட்டிய வீடு. நான் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் குரல் வரவில்லை என்பது தெரிந்திருக்கும். ஒரே ஒரு நிமிஷம்.

ஒன்பது மணிக்கு மேல் வசந்தியின் அம்மா தலையை அள்ளி முடியக்கூட நேரமில்லாமல் கடைக்கு ஓடிவந்தார். பின்னாலேயே நாலைந்து அப்பாக்கள், அதில் என் அப்பாவும். குழந்தை எங்கே, யார் கொண்டுபோய் விட்டது என்று கேட்டார்கள். என் வாயில் சுளை இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்: “நான் அஞ்சலை அக்காகிட்ட விட்டுட்டேன். அவங்கதான் நான் பாத்துக்கறேன், நீ போன்னு சொன்னாங்க.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, பயத்தில் வந்தது என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பயத்திலும் நான் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்தேன், பாருங்கள். பக்கத்தில் நின்ற டாக்டர் மகளின் பெயரைச் சொல்லவில்லையே.

அன்று அஞ்சலை அக்கா அந்தத் தெருப் பக்கமே வந்திருக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், கையிலிருந்த பலாப்பிசினோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில், தேடப்போன மற்றவர்கள் வெறுங்கையோடு கடைக்குத் திரும்பியிருந்தபோது, வசந்தியை கேரியரில் உட்காரவைத்துத் திரும்பி வந்தார். பழைய வீட்டின் பின்புறம், துவைக்கும் கல்லின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாளாம். ஒரு கீறல்கூட இல்லை. அவள் அம்மா வாங்கி அணைத்துக்கொண்டு அழுதார். அதோடு முடிந்திருக்கவேண்டும் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

முடியவில்லை. இத்தனை பேர் தேடியும் கிடைக்காத குழந்தை உனக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் ஆரம்பித்தார். கொண்டுபோய் விட்டவளுக்குத்தானே இடம் தெரியும் என்றார் இன்னொருவர். கண்டுபிடித்ததே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. படித்தவர்கள், ராட்சச இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள், இப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

“கொழந்த கால் பழகுன எடத்துக்குத்தான் போவும்னு நெனச்சிப் போனேங்க. இந்தப் பொண்ணு பொய் சொல்லுது. எங்கிட்ட யாரையும் உடல,” என்றார் அக்கா.

அப்பா என் தலைமேல் கைவைத்தார். “எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா,” என்றார். அந்தக் கை கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. அதை நான் தட்டிவிடவில்லை.

அக்கா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: “எங்க நெலத்துல எல்லா வூட்டையும் ஒரே மாதிரி கட்டிக்கினீங்க. நெம்பர் போட்டதும் நீங்கதான், மாத்திகினு போனதும் நீங்கதான். போறோம்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? காணாமப் போனா மட்டும் நான் பொறுப்பா?”

திமிரைப் பார்த்தாயா என்று யாரோ சொன்னார்கள். வேலு அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அவருக்குக் கடை முக்கியம். மார்க்கெட்டில் அந்த இடத்தை எப்போது வேண்டுமானாலும் காலிசெய்யச் சொல்லலாம், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டிய பலாப்பழத்தில் ஈ மொய்த்தது. அன்றிலிருந்து பலாச்சுளையைத் தொட்டதில்லை என்று எழுத ஆசைதான். பொய். வருஷா வருஷம் சாப்பிடுகிறேன், தேன் விட்டு.

திங்கட்கிழமை கடிதம் போகவில்லை. ஆயா வேலைக்கு வேறு யாரோ வந்தார்கள். அக்கா கடைக்கு வருவது நின்றது. வரிசையின் கடைசியில் வரப் பெண் இல்லாததால் பெண்பிள்ளைகளை நிறுத்தினார்கள். இரண்டு மூன்று வாரம் பையன்களை மட்டும் வைத்து ஓடி, பிறகு ரவுண்டே நின்றுபோனது. நல்லதாப் போச்சு என்று அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். “எங்க வீட்டுப் புள்ள பொறுப்பானவ, அதான் அன்னைக்கு உண்மையச் சொன்னா,” என்று என் அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தது தெரிந்ததா, அந்தப் பெயர்?

ஒருமாதம் கழித்து, தோழியிடம் நோட்டு வாங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, தனியாக வாய்க்கால் ஓரமாகவே மிதித்து அவர்கள் ஊருக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானம். முந்திரித் தோப்பைத் தாண்டி மூன்றாவது வீடு. படலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அஞ்சலை அக்கா கோழியை விரட்டிக்கொண்டிருந்தார். என் சைக்கிள் சத்தம் கேட்டிருக்கவேண்டும். “யாரு, நின்னுகினு இருக்கறது?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

குரல் வந்தது. நான் திரும்பிவிட்டேன். அக்காவின் சட்டத்தை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அந்த ஒருமுறைதான்.

போன வருஷம் அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய உதவப் போயிருந்தேன். மேஜை இழுப்பறையில், பழைய ரேஷன் கார்டுகளுக்கு அடியில் அந்தக் கடிதம் இருந்தது. மூன்று கையெழுத்தும் அப்படியே. ‘குழந்தைகளை மிகுந்த பொறுப்புடன் கவனித்துக்கொள்பவர்’ என்று அப்பா ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னது நான் என்றேன். அவர் கயிற்றை இழுத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சின்னப்புள்ளையில நடந்தத இப்ப என்னத்துக்குட்டி கிண்டிக்கிட்டு இருக்க? அந்த முடிச்சப் பிடி,” என்றார்.

முடிச்சைப் பிடித்தேன். கோபம் வந்தது. ஆனாலும் பிடித்தேன்.

மறுநாள் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வாடகைக் காரில் அஞ்சலை அக்காவின் ஊருக்குக் கிளம்பினேன். வேலு அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது எஸ்.டி.டி. பூத், அங்கே கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. வாய்க்கால் ஓரச் சாலை கொஞ்ச தூரம் போய் ஒரு கம்பிவேலியில் முட்டி நின்றது. காவலாளியிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். வடநாட்டிலிருந்து வந்த ஆள் போலிருக்கிறது, அப்படி ஓர் ஊரே இல்லை என்று தலையாட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் சுரங்கம். அடியில், எறும்பு மாதிரி லாரிகள்.

இடித்த வீடென்றால் அந்த இடத்தில் போய் நிற்கலாம், வெட்டிய மரமென்றால் அடிமரத்தையாவது தொடலாம். இங்கே மூன்றாவது வீடு இருந்த தரையே இல்லை. அது இருந்த உயரத்தில் இப்போது வெறும் காற்று. நான் நின்ற படலும் அக்கா விரட்டிய கோழியும் நான் சொல்லாமல் வந்த வார்த்தையும் அந்தக் காற்றில் எங்கேயோ. அஞ்சலை அக்கா இப்போது எந்த ஊரில், எந்த நம்பர் வீட்டில் இருக்கிறாரோ. எந்தப் பதிவிலும் என்னால் தேட முடியாது, அவருடைய அப்பா பெயர்கூட எனக்குத் தெரியாது. என்னுடைய நம்பர் அவருடைய அண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்த நம்பரிலும் இன்று வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

“அம்மா, இங்க யார் வீடு?” என்று மகள் கேட்டாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழிக்குள்ளிருந்து இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் வந்தது. குரல் வரும்வரை நிற்கவேண்டும் என்பதுதானே சட்டம். கார்க்காரர் ஹாரன் அடிக்கும்வரை நின்றேன்.