தட்டின் கடைசி நான்கு நொடிகள்

இசைத்தட்டில் பாடியவர் இன்னார் என்று அச்சிட்டிருக்கிறதே, அதை என்றாவது சந்தேகித்திருக்கிறீர்களா?

கண்மணியும் சந்தேகித்ததில்லை. செம்பவாங் கப்பல் பட்டறை அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருடம் தட்டச்சு செய்தவர் அவர். அறிக்கையை எழுதுவது அவர். அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் இருப்பது மேற்பார்வையாளர் பெயர். அப்படி ஓர் அறிக்கைக்காக மேற்பார்வையாளருக்குக் கேடயம் கொடுத்து விருந்தும் வைத்தார்கள். அந்த விருந்தில் பிரியாணிப் பொட்டலம் விநியோகித்தவர் கண்மணி. அன்றைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே!

ஓய்வு பெற்றபின் சுவா சூ காங் வட்டாரத்திலிருந்த தம் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், தேக்கா கடைத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தார். பரமசிவம் என்பவர் தம் குடும்பத்தில் இருந்த அறுபது பழைய இசைத்தட்டுகளை அங்கே கொடுத்திருந்தார். அவற்றைக் கணினியில் ஏற்றிக் கண்காட்சி வைக்க வேண்டும். ஏற்றுவது கூடத்தை நடத்தும் இர்ஃபான். பட்டியல் போடுவது கண்மணி.

கண்காட்சியின் நாயகன் பரமசிவத்தின் தாத்தா அருணகிரி. நூறு வருடத்துக்கு முன் நாடகக் குழு நடத்தியவர். ஆண்களே பெண் வேடம் கட்டிய காலம் அது. தாத்தா பெண் குரலில் பாடினால் பெண்களே ஏமாந்துபோவார்களாம். சாட்சி, அவர் பெயர் லேபிளில் உள்ள மூன்றாம் எண் தட்டு.

முதல் வாரமே கண்மணி ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினார். பல தட்டுகளில் பாட்டு முடிந்த பிறகு யாரோ ஏதோ கத்துகிறார்கள். இரைச்சலில் சரியாகக் கேட்பதுமில்லை. 'பாட்டுக்குப் பின் வரும் பேச்சை வெட்டவும்.' இர்ஃபான் வெட்டினார். மூன்றாம் எண்ணையும் வெட்டினார்.

கண்காட்சிப் பலகைகள் அச்சுக்குப் போகவேண்டிய நாள் காலையில், தட்டுகள் வந்த பெட்டியைத் துடைக்கும்போது அடியில் விரித்திருந்த தாள் ஒன்று கண்மணி கையில் அகப்பட்டது. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக்காரர்களுக்கான ஆங்கிலக் குறிப்பு. பாடுபவர் ஒலியை வாங்கும் பெரிய புனலுக்குள் முகத்தை நீட்டி உரக்கப் பாட வேண்டும். முடிந்ததும் தம் பெயரைத் தாமே சொல்ல வேண்டும். ஊசி மெழுகுத் தட்டில் கீறிய பாட்டு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே தட்டு அச்சிடுகிறவர்களுக்கு நம் மொழி தெரியாது. அந்தப் பெயரை வைத்துத்தான் எது யார் பாட்டு என்று பிரிப்பார்கள்.

கண்மணி எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தம் விதியைக் கிழித்தார்.

"இர்ஃபான், வெட்டாத ஃபைல் இருக்கா?"

"இருக்குக்கா. வெட்டச் சொன்னதே நீங்கதானே?"

"ஆமா, முட்டாள் நான்தான். மூணாம் நம்பரப் போடு."

பாட்டு முடிந்தது. பாடிய தொண்டை ஒருமுறை இழுத்து மூச்சு வாங்கியது. பிறகு இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்: "என் பேர் சரசு. பாடினது நான்தான்."

இர்ஃபான் தலையைச் சொறிந்தார். "தாத்தா வேஷத்துப் பேரைச் சொல்றாரோ?"

"சொல்றது தட்டு அச்சடிக்கிறவனுக்கு லா. அவன்கிட்ட எதுக்கு வேஷப் பேரு?"

'பாடியவர்: அருணகிரி' என்றிருந்த பலகைத் தாளில் கண்மணி கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். மதியம் பரமசிவம் வந்தார். தட்டைக் கடைசிவரை கேட்டார். முகம் இறுகியது.

"யாரோ பக்கத்துல நின்னு கத்தியிருக்காங்க. வெட்டிடுங்க லா. எங்க வீட்டுல எத்தனை வருஷமாச் சொல்ற கதை இது!"

"சார், மைக் இல்லாத காலம். இருந்தது ஒரே புனல். பாடின ஆளைத் தள்ளிட்டு இன்னொரு ஆள் வந்து நிக்க அரை செகண்ட் போதுமா? அந்த மூச்சைக் கேளுங்க. பாடிக் களைச்ச அதே வாய்தான் பேரச் சொல்லுது. மெழுகுல கீறினதுல பின்னாடி எதையும் சேர்க்கவும் முடியாது."

"அப்ப எங்க தாத்தா பொய்யரா?"

"அது எனக்குத் தெரியாது சார். லேபிள் பொய்."

"உங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?"

செம்பவாங்கில் யாரும் இதைக் கேட்டதே இல்லை. கேட்பார்கள் என்று பயந்தே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. "வேணும் சார்," என்றார் கண்மணி. "ஆனா இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

அந்த நாளில் புனலைக் கண்டு நடுங்கிய பாடகர்கள் உண்டு. இயந்திரம் குரலை உறிஞ்சிவிடும், ஆயுள் குறையும் என்று மூடப் பேச்சு. சரசு நடுங்கவில்லை, பாடினார், பெயரையும் உரக்கச் சொன்னார். இயந்திரம் அவரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, சொன்னதைச் சொன்னபடி வைத்திருந்தது. திருடியவன் லேபிளுக்கு வேறு பெயர் எழுதிக் கொடுத்த மனிதன். மிச்சமிருந்ததையும் வெட்டச் சொன்னது கண்மணியின் கை. தன் பெயரே பறிபோன வலி தெரிந்த கை! அதுதான் அவரை அறுத்தது.

பரமசிவம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டார். நான்காம் முறை பாட்டை விட்டுவிட்டுக் கடைசி நொடிகளை மட்டும் போடச் சொன்னார்.

"பலகைய மாத்தமாட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க," என்றார். பலகைத் தாளில் கண்மணி போட வேண்டிய இடத்தில் தாமே கையெழுத்துப் போட்டார். வாசல் வரை போனவர், திரும்பிப் பார்க்காமல், "தட்டை முழுசா ஓடவிடுங்க. வெட்டாதீங்க," என்றார்.

கிடைத்தது பாதி நியாயம். பாதிக்கு நன்றி சொல்லும் வழக்கத்தைக் கண்மணி அன்றோடு விட்டுவிட்டார். பலகைதான் பரமசிவத்தினுடையது, பட்டியல் கண்மணியினுடையது. அதில் அவர் எழுதினார்: 'மூன்றாம் எண். பாடியவர்: சரசு. ஆதாரம்: அவரே சொல்கிறார்.' பக்கத்தின் அடியில் 'தயாரித்தவர்: கண்மணி'. பிறகு வெட்டிய மற்ற தட்டுகளின் வெட்டாத ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். மேலும் பதினொரு பெயர்கள் கிடைத்தன. அவற்றில் ஏழு, பெண்களுடையவை.

கண்காட்சி இப்போது தேக்காவில் நடக்கிறது. மூன்றாவது பலகைக்குப் போங்கள். எழுதியிருப்பதைப் படியுங்கள், நம்பிவிடாதீர்கள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் நான்கு நொடி நில்லுங்கள். வெளியே வந்ததும், எதிரில் வரும் முதல் ஆளிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.