நாயின் தலை எந்தப் பக்கம்

செத்த நாய் அள்ளுகிற வேலையில் மூன்று வருஷம் இருந்தவன் நான். படூர் ரோட்டில் வண்டி அடித்துப் போட்டதைக் காலில் கொக்கி மாட்டி இழுப்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன், மூச்சு விட மாட்டேன். பார்த்தால் மத்தியானச் சோறு இறங்காது. இதில் என்னைவிட வேகமான ஆள் கிடையாது என்று எனக்குப் பெருமை வேறு. பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

அந்த வேலை போனதும், திருக்கழுக்குன்றம் பக்கம் கல்வட்டத்துக்குள் பழங்காலப் புதைகுழி தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மண்வெட்டியோடு போய்ச் சேர்ந்தேன். ஆராய்ச்சி செய்யும் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: எலும்பு தெரிந்தால் கையை எடுத்துவிட்டுக் கூப்பிட வேண்டும்.

மனுஷ எலும்பு வந்தபோது ஒழுங்காகக் கூப்பிட்டேன். அதன் காலடியில் இன்னொன்று. மண்ணுக்கு வெளியே தாடை ஓரமும் ஒரு கோரைப்பல்லும் மட்டும். தூ, நாய். போன வருஷம் எவனோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே வெட்டில் தலையை அள்ளி மண்குவியலில் வீசினேன். மேலே காறித் துப்பவும் செய்தேன்.

மேடம் வந்து மிச்ச உடம்பைப் பார்த்தார். கால்களை மடக்கிச் சுருண்டு படுக்க வைத்திருந்தார்கள், பக்கத்தில் சின்னதாக ஒரு மண்கிண்ணம். அந்த ஆளோடு சேர்த்தே புதைத்தது என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குவியல் முழுவதையும் சலித்தோம். கூடச் சலித்த அக்கா சும்மா விடவில்லை.

"இன்னா அண்ணாத்த, அம்மாங்காலமா மண்ணுல கெடந்தது ஒனுக்கு மட்டும் நாறிச்சா?"

மண்டையோடு நாலு துண்டாகக் கிடைத்தது. ஒன்றில் என் எச்சில் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். வெறும் மண் வாசனை. நாற்றம் அடித்தது நான்தான்.

"தலை எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு? நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க," என்றார் மேடம். அது மனுஷனைப் பார்த்துப் படுத்திருந்ததா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. ஆமாம் என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

"பாக்கல மேடம். மூக்க மூடிக்கினு அந்தாண்ட திரும்பிக்கினேன்."

நோட்டில் இங்கிலீஷில் எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்டேன்.

"தோண்டும்போது கலைஞ்சிடுச்சு, திசை தெரியலன்னு."

"அது கலையல மேடம். நான் தூக்கிப் போட்டேன். அப்டியே எழுதுங்க."

மேடம் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்.