கடைசி ஆணியில் ஒரு துண்டு

எங்கள் குளியலறைக் கதவின் பின்னால் ஆறு ஆணிகள். அண்ணி இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடமாகத் தன் துண்டைக் கடைசி ஆணியில்தான் மாட்டுகிறாள். பக்கத்து ஆணி காலியாக இருக்க வேண்டும். யாராவது மாட்டிவிட்டால் சத்தமில்லாமல் நகர்த்தி வைப்பாள்.

அவள் முழங்கைகளில் சிவந்த தடிப்பு. மேலே மீன் செதில் போல வெள்ளைப் பொருக்கு உதிரும். லாண்டரியில் விடுதி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டைதான்.

வீட்டை நடத்துவது என் அக்கா. அண்ணியின் மகளுக்கு மூன்று வயதானதும் தன் படுக்கைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"ஒட்டுவாரொட்டி. பொம்பளப் புள்ளைக்கு வந்துட்டா?"

"சரிங்க" என்றாள் அண்ணி. அண்ணன் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தான்.

குழந்தைக்கு ஐந்து வயதில் கழுத்தில் அரிக்கும் சிவப்பு வளையம் ஒன்று கிளம்பியது.

"நான் சொன்னேன்ல? அம்மாக்காரி குடுத்த சீதனம்" என்றாள் அக்கா. எல்லோரும் டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் குழந்தையைப் பார்த்தார். அண்ணியின் சட்டைக் கையையும் தூக்கிப் பார்த்தார்.

"உங்களுக்கு சொரியாசிஸ். உடம்புக்குள்ளேர்ந்து வர்றது. தொட்டாலோ பக்கத்துல படுத்தாலோ யாருக்கும் ஒட்டாது. கொழந்தைக்குப் படர்தாமரை. அது பூஞ்சை, ஒட்டும். வீட்ல வேற யாருக்காவது இப்படி வட்டமா, ஓரம் தடிச்சு, அரிப்போட இருக்கா?"

அக்கா இடுப்பைக் கதவு நிலையில் தேய்ப்பதை நான் மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசுவாள். அரிப்பு அடங்கும், வட்டம் பெரிதாகும்.

"அக்காவுக்கு இருக்கு. மருந்துக்கடைக் களிம்பு பூசுறா. கொழந்தை அவகூடத்தான் படுக்குது" என்றேன்.

"அந்தக் களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள்.

அன்று மாலையே அண்ணி தன் பாய்க்குப் பக்கத்தில் சின்னத் தலையணையைப் போட்டு மகளைக் கூப்பிட்டாள். குழந்தை வாசற்படியிலேயே நின்றது.

"ஒட்டிக்கும்ல?"

"ஒட்டாதுடி. தொட்டுப் பாரு." அண்ணி சட்டைக் கையை மடித்து நீட்டினாள். குழந்தை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

அது நடந்து எட்டு மாதம். அக்காவுக்கும் குழந்தைக்கும் குணமாகிவிட்டது. குழந்தை இப்போது என் பக்கத்தில் தூங்குகிறது. அண்ணியின் துண்டு கடைசி ஆணியில் இருக்கிறது. என் துண்டைப் பக்கத்து ஆணியில் மாட்டிப் பார்க்கிறேன். நகர்த்தி வைத்துவிடுகிறாள்.