ஷேர் ஆட்டோவில் நான் கூப்பிட்ட அம்மன்

இதை எழுதும்போதும் என் உள்ளங்கை வேர்க்கிறது.

எங்கள் வீடு திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில். போன ஆடியில் அப்பாவின் படகு எஞ்சின் அடியோடு போய்விட்டது. அப்பா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். கடைசியில் அம்மா தன் நகையெல்லாம் விற்று எஞ்சினுக்குப் பணம் புரட்டினார். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் கணக்கில் போட்டு, எடுத்து வர என்னையே அனுப்பினார்கள்.

எஞ்சின் பணத்தை எங்கள் பக்கம் வெறுமனே தூக்கி வரமாட்டோம். மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்துதான் கொண்டுவருவோம். நானும் கல்மண்டபத்தில் பேங்க் வாசலிலேயே, எல்லார் கண்ணுக்கும் தெரிய, நோட்டுக்கட்டை முடிந்து பைக்குள் வைத்தேன். யாராவது பார்ப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. பார்த்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பேங்கில் எனக்குப் பின்னால் நின்ற கோடுபோட்ட சட்டைக்காரனும் ஏறி, வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தான். பின்னாலேயே ஒரு பைக் வந்தது. அதிலிருந்தவன் இவனைப் பார்த்துத் தலையசைத்தான். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இறங்கினால் அவன், உட்கார்ந்தால் இவன். கத்தலாம் என்று வாயெடுத்தேன். இடுப்பில் ஏதோ கூராக உறுத்தியது. சாவியோ கத்தியோ, இன்றுவரை தெரியாது.

எங்கள் குப்பத்து அம்மனை, எல்லையம்மா, நீயே வா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

காசிமேட்டில் ஆட்டோ நின்றது. மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையோடு ஏறி, "தள்ளு நைனா" என்று என் இடப்பக்கம் உட்கார்ந்தார். கூடைக்கு இடமில்லை. பாதியை என் மடியில், பணப்பையின் மேலேயே வைத்தார். ஐஸ் தண்ணீர் பேண்ட்டில் இறங்கியது.

கொஞ்ச தூரத்தில் கூடைக்கு அடியில் ஒரு கை நுழைந்து பையை இழுத்தது. கூடை ஆடியது. அந்த அம்மா மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இன்னாடா, இன்னும் போணியே ஆவல, அதுக்குள்ள என் கூடைல கைய வுட்ற? உன் வூட்டு மீனா?"

முதல் விற்பனைக்கு முன்னால் அந்நியன் கை கூடையில் பட்டால் எங்கள் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். ரோட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோடுபோட்ட சட்டைக்காரன் பேஜார் பண்ணாதம்மா என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, பைக்கில் தொற்றிக்கொண்டு போய்விட்டான்.

என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "நீ இன்னாத்துக்கு நைனா அழுவுற? உன்னயா திட்னேன்?" என்றார். பையில் என்ன இருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அப்பா இன்று சொந்தப் படகில் கடலுக்குப் போகிறார். நான் பணம் எடுக்கத் தனியாகப் போவதில்லை. பேங்க் உள்ளேயே முடிந்து பைக்குள் பத்திரப்படுத்தி, அம்மன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே கால் வைக்கிறேன். வெள்ளிதோறும் கோயில் வாசலைக் கழுவிவிடுவதும் நான்தான்.

பயத்தில் வாய் திறக்க முடியாமல் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சத்தம் வேண்டாம். மனசுக்குள் கூப்பிடுங்கள். யார் உருவத்தில் வந்து பக்கத்தில் உட்காருவாள் என்று நமக்குத் தெரியாது. ஏன், வந்தவருக்கே கூடத் தெரியாது. ஆனால் வருவாள்.