மெத்தைக்காரரின் முதுகு

என் அக்காவின் கணவர் ஈப்போவில் ஒரு மரச்சாமான் கடையில் பத்தொன்பது வருடமாக மெத்தை விற்கிறார். "முதுகு வலிக்கு இதுதான்லா மருந்து" என்று சொல்லி, மெத்தையின் நடுவில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். அதற்குமேல் வந்தவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அங்கே குடிவந்தவர்களில் பாதிப் பேர் அவர் விற்ற மெத்தையில்தான் தூங்குகிறார்கள். மாமா மட்டும் போன வருடத் தொடக்கத்திலிருந்து கூடத்துத் தரையில், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்துக்கொண்டிருந்தார்.

வலி இடுப்பில் தொடங்கி இடது கால் வழியாகக் குதிகால் வரை இறங்கியது. ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகளில் இரண்டு தேய்ந்துவிட்டன என்றார் டாக்டர். அவர் வேறு உவமை சொல்லியிருக்கலாம். எலும்புகளை இணைக்கும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கச் சொன்னார். மாமாவின் கவலை ஆபரேஷன் அல்ல. விஷயம் கடைக்குத் தெரியக் கூடாது என்பதுதான்.

"இடுப்புல பட்டை கட்டினவன்கிட்ட யாரு மச்சான் மெத்தை வாங்குவா?" என்று என்னிடம் கேட்டார்.

அதனால் வைத்தியம் ரகசியமாக நடந்தது. அக்கா ஒரு சீன வைத்தியரிடம் அழைத்துப் போனாள். அவர் ஒட்டிய மூலிகைப் பிளாஸ்திரி கடை முழுக்க மணத்தது. வந்தவர்கள் முகம் சுளித்தபோது அது புது மெத்தையின் வாசனை என்று மாமா சமாளித்தார். பிறகு யாரோ சொன்னார்களென்று ஹுத்தான் மெலிந்தாங் வரை போய், உருவிவிடுவதில் பேர்போன ஒரு மீனவரிடம் முதுகைக் கொடுத்தார். போகும்போது முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர், திரும்பும்போது பின் இருக்கையில் படுத்து வந்தார்.

கடைசியில் இன்னொரு டாக்டரிடம் கேட்பது என்று முடிவானது. ஈப்போவில் எங்கே போனாலும் தெரிந்த முகம் இருக்கும் என்று மாமா தைப்பிங்கைத் தேர்ந்தெடுத்தார். கிளினிக்கில் எண் சீட்டு வாங்கி உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிரில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த ஒரு பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க ஈப்போ மெத்தைக் கடை அண்ணே தானே? உங்ககிட்டதான் வாங்கினோம்."

மாமா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமாம்மா. மச்சானுக்கு முதுகு சரியில்ல. கூட்டிட்டு வந்தேன்."

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் எங்கே வலிக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். எனக்குத் தெரிந்த ஒரே வலி மாமாவுடையது என்பதால் அதையே சொன்னேன். நான் விட்டதையெல்லாம் மாமா எடுத்துக்கொடுத்தார்.

எங்கள் எண் வந்தது. மாமா நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்து, அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நான் துள்ளி எழுந்து அவரைத் தாங்கிப் பிடித்தேன். முதுகு வலிக்காரன் அப்படி எழுந்திருக்க மாட்டான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "மெதுவா போங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் படங்களை நெடுநேரம் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், விரல்களை அசைக்கச் சொன்னார். இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் உடற்பயிற்சியும் தினசரி நடையும் இருந்தால் வலி குறையும் என்றார். எந்த மெத்தை நல்லது என்று மாமா தணிந்த குரலில் கேட்டார். தூக்கம் வருகிற எதுவும் நல்லதுதான் என்றார் டாக்டர்.

வெளியே வந்த மாமா நேராகப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். வலி தனக்குத்தான் என்றும், மெத்தை முதுகைச் சரிசெய்யும் என்று தான் சொன்னது தப்பு என்றும் சொன்னார்.

"பரவால்ல அண்ணே," என்றார் அவர். "அதுல எங்க வீட்டுக்காரரு நல்லா தூங்குறாரு. நான் பாயிலதான் படுக்கிறேன்."



மறுநாளிலிருந்து கடையில் உண்மையைச் சொல்லத் தொடங்கினார். மெத்தை முதுகை ஒன்றும் செய்யாது, தூக்கம் வரும், அவ்வளவுதான். வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். விற்பனை குறையவில்லை, கூடவும் இல்லை. அப்படியென்றால் இத்தனை வருடம் தான் பேசிய பேச்சுக்கு ஒரு வேலையும் இருந்ததில்லையா என்பதுதான் மாமாவை ரொம்பக் காலம் வாட்டியது.

இப்போது காலையில் வேலைக்கு முன் அவரும் அக்காவும் நடக்கப் போகிறார்கள். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. கால் இழுக்கும் நாட்களும் உண்டு. அன்றைக்கும் நடக்கத்தான் செய்கிறார். ஆனால் பேசாமல் நடக்கிறார். அக்கா அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.